வீட்டில் சம்பாதித்தவர் இறந்துவிட்டால்: முதல் ஆறு மாதத்தில் எந்த அலுவலகம், எந்தக் காகிதம்

அப்பா 2018-ல் இறந்தார். கொத்தனார் வேலை. நெஞ்சு வலிக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா அதுவரை தாலுகா அலுவலக வாசலை மிதித்ததில்லை. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், அவருக்குத் தெரிந்த அரசாங்கம் அவ்வளவுதான். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பென்சன் வரும், நிவாரணம் வரும், வாரியத்தில் பணம் வரும் என்று. எதுவும் பொய் இல்லை. ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த வரிசை தெரியாமல் எங்களுக்கு எட்டு மாதம் போயிற்று.

அதற்குப் பிறகு இப்படி நின்றுபோன பல குடும்பங்களோடு அலுவலகம் அலுவலகமாகப் போயிருக்கிறேன். தமிழ்நாட்டில் கூலி வேலையை நம்பி வாழும் ஒரு குடும்பத்தில் கணவர் இறந்துவிட்டால் மனைவி என்னென்ன செய்யலாம் என்பதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். நீங்கள் அந்தப் பெண்ணாக இருக்கலாம். அவருடைய தம்பியாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். கூடப் போக ஒருவர் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரிதான். உதவித் தொகைகளை அரசு அவ்வப்போது மாற்றும், அதனால் முக்கியமானவற்றுக்குப் பக்கத்தில் ஆண்டையும் சேர்த்திருக்கிறேன்.

முதல் வாரம்: இறப்பைப் பதிவு செய்வது

இறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் குடும்பம்தான் சொல்ல வேண்டும். கிராம ஊராட்சி என்றால் வி.ஏ.ஓ.விடம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் அங்குள்ள சுகாதாரப் பிரிவில். ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டிவரும்.

பதிவு செய்யும்போது பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அவருடைய ஆதாரில் இருப்பது போலவே இன்ஷியல், பெயர், தந்தை பெயர், மனைவி பெயர் எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இறப்புச் சான்றிதழில் ஒரு இன்ஷியல், ஆதாரில் வேறு இன்ஷியல். அந்த ஒரு எழுத்தைத் திருத்த நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் பின்னால் இருந்த எல்லா வேலையும் நின்றது. துக்க வீட்டில் இதையெல்லாம் யார் கவனிப்பார்கள் என்று தோன்றும். அதனால்தான் சொல்கிறேன், அழுது களைத்திருக்கும் மனைவியை இதற்கு அனுப்பாதீர்கள். நிதானமாக இருக்கும் ஒருவர் போய் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வரட்டும்.

இன்னொன்று, சொல்லவே சங்கடமானது. சாவு விபத்தினால் என்றால், அதாவது சாலையில், கட்டடத்திலிருந்து விழுந்து, மின்சாரம் தாக்கி, பாம்பு கடித்து, கிணற்றில் விழுந்து என்றால், போலீஸில் கட்டாயம் சொல்லுங்கள். உடலை அறுக்க வேண்டாம் என்று பல குடும்பங்கள் மறைத்து எடுத்துவந்து அடக்கம் செய்துவிடுகின்றன. அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாவிட்டால் விபத்துக்கான இழப்பீட்டை வாங்குவது மிகவும் கஷ்டம். பிள்ளைகளுக்குப் போக வேண்டிய சில லட்சங்கள் அங்கேயே போய்விடலாம்.

ஒரு பை, ஒரு சிம்

வீட்டில் ஒரு துணிப்பையை எடுத்து இதற்கென்றே வையுங்கள். இறப்புச் சான்றிதழ் பத்து நகல், கணவன் மனைவி பிள்ளைகள் எல்லோருடைய ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ பத்து. மனைவிதான் என்பதற்குச் சான்று கேட்பார்கள். திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் பயப்பட வேண்டாம். குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் அட்டை எல்லாம் அதற்கு உதவும். அதனால் இறந்தவர் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் அந்த அட்டையை இரண்டு பக்கமும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எடுத்த பிறகு அட்டையில் அவர் இருந்ததற்கு அடையாளம் இருக்காது.

அவருடைய செல்போன் சிம்மை அணைத்துவிடாதீர்கள். ஆறு மாதமாவது ரீசார்ஜ் செய்து வையுங்கள். பல வீடுகளில் மனைவியின் ஆதாருக்கும், குடும்ப அட்டைக்கும், காஸ் இணைப்புக்கும் கணவரின் எண்ணைத்தான் கொடுத்திருப்பார்கள். இ-சேவை மையத்தில் உட்கார்ந்தவுடன் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். சிம் செத்திருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். அந்த ஆறு மாதத்துக்குள் ஆதார் மையத்துக்குப் போய் மனைவியின் ஆதாரில் அவருடைய சொந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

அவருடைய பாஸ்புக்கில் 436, 20 என்ற எண்களைத் தேடுங்கள்

தாலுகா அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் வங்கிக்குப் போங்கள். அவர் கணக்கு வைத்திருந்த எல்லா வங்கியிலும் பாஸ்புக்கைப் பதிய வைத்து, மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் என்ன பிடித்தம் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. விபத்துச் சாவுக்கு 2 லட்சம். இரண்டும் 2015-ல் வந்தவை. ஜன்தன் கணக்கு தொடங்கியபோதோ கடன் வாங்கியபோதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டில் சொல்லியே இருக்க மாட்டார். வருடத்துக்கு ஒரு வரி, அதுவும் பாஸ்புக்கில் புரியாத எழுத்தில் இருக்கும்.

அப்பாவின் பாஸ்புக்கில் 330 ரூபாய் என்று ஒரு வரி இருந்தது. 2022 ஜூனுக்கு முன்னால் அந்தக் காப்பீட்டுக்குச் சந்தா 330 தான். அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, வேறு எதற்கோ பாஸ்புக்கை நகல் எடுக்கும்போதுதான் என் கண்ணில் பட்டது. அந்த எட்டு மாதமும் அம்மா தோட்டை அடகு வைத்துத்தான் அரிசி வாங்கினார். கடைசியில் அந்தப் பணம் வந்தது, தோடும் திரும்பியது. நீங்கள் எட்டு மாதம் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே இதை இரண்டாம் வாரத்திலேயே வைக்கிறேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுதாரராகக் குறிப்பிட்டவரின் ஆதார், அவருடைய பாஸ்புக் நகல், வங்கி தரும் கோரிக்கைப் படிவம், இவை போதும். படிவம் கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஜன்தன் கணக்கில் ரூபே கார்டு இருந்து, அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர் என்றால், அதிலும் விபத்துக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள்.

கணக்கில் பணம் கிடந்தால் ஏ.டி.எம். கார்டைப் போட்டு எடுக்காதீர்கள். அவசரம் எனக்குத் தெரியும், ஆனாலும் இறந்தவர் கணக்கிலிருந்து எடுத்தது பின்னால் வாரிசுகளுக்குள் சண்டையாகும், வங்கியும் கேள்வி கேட்கும். நாமினி பெயர் இருந்தால் அவர் இறப்புச் சான்றிதழோடு போய்க் கேட்டாலே கொடுக்க வேண்டும்.

குழு லோன், வார லோன்

மாரடைப்பில் ஒருவர் இறந்த மூன்றாம் நாளே வாரத் தவணைக்கு ஆள் வந்து நின்ற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களில் பலவற்றில், கடன் வாங்கிய பெண்ணுக்கும் அவர் கணவருக்கும் சேர்த்தே காப்பீடு போட்டிருப்பார்கள். சந்தாவைக் கடன் தரும் நாளிலேயே பிடித்திருப்பார்கள். இருவரில் யார் இறந்தாலும் மீதிக் கடன் அடைந்துவிடும். தவணை வசூலிக்க வருபவர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். கடன் அட்டையை எடுங்கள், 'காப்பீடு' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இறப்புச் சான்றிதழ் நகலோடு எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பதில் வரும்வரை புதுக் கடன் வாங்கிப் பழைய தவணையைக் கட்ட வேண்டாம். அந்தக் குழியில் இறங்கியவர்கள் ஏறியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கடன்களைக் கேட்டு காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. வீட்டு வாசலில் உட்கார்ந்து அசிங்கப்படுத்தினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

வாரிசுச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும்

இரண்டையும் இ-சேவை மையத்தில் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தாருக்குப் போகும். விண்ணப்ப எண்ணை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து, "மனு போட்டிருக்கிறோம் ஐயா, எப்போது விசாரணைக்கு வருவீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். விசாரணைக்கு வரும் நாளில் வீடு பூட்டியிருந்தால் மனு திரும்பிவிடும். கூலி வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதுதான் அடிக்கடி நடக்கிறது.

வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் வரும் என்பதில் பல வீடுகளில் மனஸ்தாபம் வருகிறது. இந்துக்களுக்கு மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் சம வாரிசு. மாமியார் பெயரை விட்டுவிட்டு மனுப் போட்டால் பின்னால் அதுவே ஆட்சேபணையாகத் திரும்பும். அவரையும் சேர்த்துக்கொண்டே போங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர்.

வருமானச் சான்றிதழில் பழையதை வைத்து ஓட்டாதீர்கள். பழையது கணவரின் கூலியைக் கணக்கிட்டது. இப்போது வீட்டு வருமானம் வேறு. குழந்தைகளுக்கான உதவி, மருத்துவக் காப்பீடு எல்லாம் இந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும்.

பணம் எந்தக் கணக்குக்கு வரும்?

பென்சன் உத்தரவு கையில் இருக்கிறது, பணம் வரவில்லை. விசாரித்தால் எங்கோ ஒரு பழைய கணக்கில் விழுந்துகொண்டிருக்கிறது. இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஆதாரை வங்கிக் கணக்கில் சேர்ப்பது ஒன்று. அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று குறித்துக்கொள்வது இன்னொன்று. கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு அப்படி இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். வங்கியில் போய், "அரசு உதவிப் பணத்துக்காக என் ஆதார் இந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா? என்.பி.சி.ஐ. மேப்பிங் ஆகியிருக்கிறதா?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்காக இருக்கட்டும். இல்லாவிட்டால் வந்த பென்சனில் பாதியை அபராதம் தின்றுவிடும்.

குடும்ப அட்டை

இறந்தவர் பெயரை நீக்கி, மனைவியைக் குடும்பத் தலைவராக மாற்றுவது சுலபமான வேலை. இ-சேவையிலோ பொது விநியோகத் துறையின் இணையதளத்திலோ செய்யலாம். அதோடு நிறுத்தாமல் அட்டையின் வகையைப் பாருங்கள். அட்டையில் பி.எச்.எச். என்றிருந்தால் முன்னுரிமைக் குடும்பம். ஏ.ஏ.ஒய். என்றிருந்தால் அந்தியோதயா, அதற்கு மாதம் 35 கிலோ அரிசி. கணவரை இழந்த பெண் தலைவராக இருக்கும் ஏழைக் குடும்பங்களை அந்தியோதயாவில் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுங்கள். தாலுகாதோறும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் கொடுத்தால் இன்னும் நல்லது, அன்றைக்கு அதற்கென்றே உட்கார்ந்திருப்பார்கள். கடையில் சரியாகப் போடவில்லை என்றால் 1967 என்ற எண்.

மாமியார் வீட்டு அட்டையில் பெயர் இருக்கும் இளம் மருமகள்கள் தனி அட்டை கேட்டால் தனிச் சமையலறை இருக்கிறதா என்று பார்க்க வருவார்கள். அதைப் பற்றி முதலில் வீட்டில் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

பென்சனும் நிவாரணமும்

தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனித் தாசில்தார் இருப்பார். எல்லோரும் முன்னால் இருக்கும் பெரிய அறைக்குப் போய் வரிசையில் நின்று, அப்புறம் "இங்கே இல்லம்மா" என்று கேட்டுத் திரும்புவார்கள். நீங்கள் நேராக இந்தப் பிரிவைக் கேளுங்கள்.

ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. மத்திய அரசுத் திட்டத்தில் 40 வயது ஆகியிருக்க வேண்டும். மாநிலத் திட்டத்தில் 18 வயது முடிந்தாலே கேட்கலாம். அதனால் "உனக்கு வயசு பத்தாது" என்று யாராவது சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள். மகளிர் உரிமைத் தொகை வாங்குபவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். 2023-ல் அந்தத் திட்டம் வந்தபோது வகுத்த விதிப்படி, ஒரே பெண் 1,000 ரூபாய் உரிமைத் தொகையையும் விதவை ஓய்வூதியத்தையும் சேர்த்து வாங்க முடியாது. வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் இருந்தால் அவர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

தேசிய குடும்ப நலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதித்தவர் இறந்தால் ஒரே தடவையாக 20,000 ரூபாய். இயற்கை மரணத்துக்கும் உண்டு. இதுவும் அதே பிரிவில்தான். விவசாயக் கூலிகளும் சிறு விவசாயிகளும் என்றால் 2011-ல் வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் இறந்தவர் உறுப்பினரா என்று அங்கேயே கேளுங்கள். ஈமச்சடங்குக்கும் இறப்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் அதில் உதவி இருக்கிறது.

மனு எழுதத் தெரியவில்லை என்று வாசலில் இருப்பவரிடம் நூறு, இருநூறு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மனுவில் ஒரு விஷயம், ஒரு பக்கம், அவ்வளவுதான். இப்படி எழுதலாம்:

"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். கூலித் தொழிலாளியான என் கணவர் இந்தத் தேதியில் இறந்துவிட்டார். எனக்குப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் உள்ளனர். சொந்தமாக நிலமோ வேறு வருமானமோ இல்லை. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இத்துடன் இணைத்துள்ளவை..."

இணைத்த காகிதங்களை எண் போட்டு எழுதுங்கள். "அது இல்லை, இது இல்லை" என்று பின்னால் சொல்ல முடியாது.

அவர் வேலை செய்த இடம்

கட்டட வேலை, தையல், ஆட்டோ, சலவை, முடி திருத்தம், தெரு வியாபாரம் என்று எதுவானாலும் தமிழ்நாட்டில் அதற்கு நல வாரியம் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்தவை இவை. அவர் சட்டைப் பையிலும் பெட்டியிலும் வாரிய அட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இயற்கை மரணம், விபத்து மரணம், ஈமச்சடங்கு, பிள்ளைகள் கல்வி என்று தனித்தனி உதவிகள் கேட்கலாம். தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் விசாரியுங்கள். அட்டையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்பாவின் அட்டை புதுப்பிக்காமல் காலாவதியாகிக் கிடந்தது, எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. வீட்டில் யாரிடமாவது வாரிய அட்டை இருந்தால் இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.

கம்பெனியில், ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்தாலும், சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருந்தால் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. சேர்ந்த பணம் ஒன்று. மனைவிக்கும் 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மாத ஓய்வூதியம் இரண்டு. பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் ஈ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு மூன்று, அது 7 லட்சம் வரை வரலாம். பலர் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் ஈமச்சடங்குக்கு 15,000 ரூபாய், வேலை தொடர்பான விபத்தில் இறந்திருந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம். நூறு நாள் வேலைக்குப் போனவர் என்றால் பாக்கிக் கூலி இருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

சாலை விபத்து என்றால் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. மருத்துவமனை வாசலிலேயே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். போனில் கேட்க 15100.

பிள்ளைகள்

தந்தை விபத்தில் இறந்திருந்து, பிள்ளை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால், பள்ளிக் கல்வித் துறை பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்புத் தொகை போடும் திட்டம் ஒன்று உண்டு. தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அவருக்கே தெரியாமல் இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

எந்தக் காரணத்தால் தந்தை இறந்திருந்தாலும் கேட்கக்கூடியது மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000-க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000-க்குள்ளும் இருக்க வேண்டும். விதவைப் பென்சனைவிட மூன்று மடங்குக்கு மேல், ஆனால் நான் பார்த்த தாய்மார்களில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒரு அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் இடத்தைக் காட்டுவார்கள், குழந்தைகள் உதவி எண் 1098-லும் கேட்கலாம். இத்தனை பிள்ளைகளுக்குத்தான் என்ற ஒதுக்கீடு இருப்பதால் தாமதிக்காதீர்கள். வருமானச் சான்றிதழ் வந்த அன்றே போங்கள். பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இரண்டும் வேண்டும்.

பெரிய பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு இந்த நேரத்தில்தான் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கல்லூரிக் காலம் முழுதும் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024). பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கட்டணமும் விடுதிச் செலவும் அரசினுடையது. சித்தப்பாவோ மாமாவோ "இனி என்ன படிப்பு" என்று ஆரம்பித்தால் இதைக் காட்டுங்கள்.

மருத்துவம்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குக் குடும்பமாகப் போய் எடுத்துக்கொள்ளலாம். நோய் வந்த பிறகு ஓடுவதற்குப் பதில் கலெக்டர் அலுவலகம் போகும் வேறொரு நாளில் இதையும் முடித்துவிடுங்கள்.

மனு நின்றுவிட்டால்

ஒரு மாதம் காத்திருந்து எதுவும் அசையவில்லை என்றால் முதலமைச்சர் உதவி மைய எண் 1100-க்குப் பேசி விண்ணப்ப எண்ணைச் சொல்லுங்கள். அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். அங்கே தரும் ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள். தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்கு ஒன்றரை வருடமாக நின்ற பென்சன் இந்த ஒரு மனுவுக்குப் பிறகு அசைந்தது. அவரை "சொந்த வீடு உள்ளவர்" என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த வீடு அவருடைய மாமனாருடையது.

முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களை விடுங்கள். அசல் காகிதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், அலுவலகத்திலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

இனி உங்கள் பெயரில்

அரசுத் தேர்வுகள் எழுதும் எண்ணம் இருந்தால் ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது கோட்டாட்சியர் தருவது, பென்சன் உத்தரவு வேறு. பெண்களுக்கான இடங்களில் பத்து சதவீதம் இந்தச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு. தையல் தெரிந்தவர்கள் சமூக நலத் துறையின் இலவசத் தையல் இயந்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டு வேலை, கட்டட வேலை எதற்குப் போனாலும் உங்கள் பெயரில் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

அப்புறம், வீட்டில் சம்பாதிப்பவர் இப்போது நீங்கள். 50 வயதுக்குள் இருந்தால் உங்கள் வங்கியில் அந்த 436 ரூபாய், 20 ரூபாய்க் காப்பீடு இரண்டுக்கும் படிவம் கொடுங்கள். நாமினியாக மூத்த பிள்ளையின் பெயரை எழுதி, பிள்ளை சிறியவர் என்றால் காப்பாளராக நீங்கள் நம்பும் ஒருவர் பெயரையும் எழுதுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அதைச் சொல்லி வையுங்கள். மே மாதக் கடைசியில் உங்கள் கணக்கில் 456 ரூபாய் இருக்க வேண்டும்.